ஏஜென்சியில் தமிழ் காப்பிரைட்டராகப் பிழைப்பது எப்படி

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கிளையன்ட் சர்வீசிங் பையன் உங்கள் மேசைக்கு வந்து, "அண்ணா, இங்கிலீஷ் அப்ரூவ் ஆயிடுச்சு, தமிழ் மட்டும்தான் பாக்கி, அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்துடுங்க, நைட்டு பேப்பருக்குப் போகணும்" என்பான். சென்னையில் விளம்பர ஏஜென்சி ஒன்றில் தமிழ் எழுதுகிற வேலை, பெரும்பாலும் அந்த 'மட்டும்தான்' என்ற சொல்லோடு போடுகிற சண்டைதான். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பாதி ஜெயித்துப் பாதி தோற்றவன் என்ற தகுதியில், புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே வருவது. விஸ்காம் படித்திருந்தால் நல்லது, படிக்காவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது, போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது நீங்கள் செய்த மாதிரி வேலைகளின் தொகுப்பைத்தான் கேட்பார்கள். கவிதைத் தொகுப்பைக் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன். கிரியேட்டிவ் டைரக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கு, இதுல எதை வாங்கணும்?" என்றார். அதற்குப் பதிலாக உங்கள் தெருவிலேயே ஐந்து கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இட்லி மாவு விற்கிறவர், அடகுக் கடை, ட்யூஷன் சென்டர், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரிகை விளம்பரம், 20 நொடி ரேடியோ ஸ்பாட் ஒன்று, பேனருக்கு ஒரு வரி. பேனர் வரி ஆறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அதைப் படிக்கிறவர் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறார். படம் வரையத் தெரியாவிட்டால் வெறும் பென்சில் கட்டம் போட்டுக் காட்டினால் போதும்.

உள்ளே வந்த பிறகு ஆட்களைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகும். சர்வீசிங் ஆட்கள் கிளையன்டிடமிருந்து பிரீஃப், அதாவது யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்கிற குறிப்பு, வாங்கி வருவார்கள், கிரியேட்டிவ் ஆட்கள் யோசிப்பார்கள், ஸ்டூடியோ ஆர்ட்வொர்க் முடித்துக் கொடுக்கும், மீடியா ஆட்கள் எந்தப் பேப்பரில் எந்தச் சேனலில் எவ்வளவு இடம் என்று பார்ப்பார்கள். இதில் எழுதுகிறவனையும் ஆர்ட் டைரக்டரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிற வழக்கம் நியூயார்க்கில் பில் பெர்ன்பாக் 1949-இல் கூட்டாளிகளோடு தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சியிலிருந்து பரவியது. அதற்கு முன் பல இடங்களில் எழுதியவர் பேப்பரை அனுப்பிவிடுவார், வரைகிறவர் எங்கோ உட்கார்ந்து வரைவார். தமிழ் காப்பிரைட்டருக்கு இன்றைக்கும் பல நேரம் அந்தப் பழைய நிலைமைதான். உங்கள் ஆர்ட் டைரக்டர் கேரளாவிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்திருப்பார், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே வரியை உடைக்கலாம், எங்கே உடைத்தால் அர்த்தம் மாறும் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். வெட்கப்பட்டால் உங்கள் ஹெட்லைன் "நகை வாங்கினால் கவலை" என்று ஒரு வரியிலும் "இல்லை" என்று அடுத்த வரியிலும் வரும்.

அடுத்தது பிரீஃப். ஆறு மணிக்கு வருவது பிரீஃப் அல்ல, அது டெலிவரி நேரம். எனவே காலை பத்து மணி மீட்டிங்கிலேயே, கூப்பிடாவிட்டாலும், நோட்டோடு போய் உட்காருங்கள். இந்த ஒரு பழக்கம்தான் என்னை மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரிலிருந்து காப்பாற்றியது. அங்கே மூன்று விஷயம் கேளுங்கள்: இதை யார் வாங்குகிறார், இப்போது இதற்குப் பதிலாக என்ன செய்கிறார், ஏன் மாற வேண்டும். ஒரு மசாலாப் பொடிக்கான பிரீஃபில் 'இளம் நவீனப் பெண்கள்' என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரரைக் கேட்டால் பாதிக்கு மேல் வாங்குகிறவர்கள் ஹாஸ்டல் பையன்களும் தனியாக ரூம் எடுத்துத் தங்குகிறவர்களும். பிரீஃபே மாறிப்போனது.

அப்படியும் மொழிபெயர்ப்பு வேலை வரத்தான் செய்யும். மும்பையில் எடுத்த இந்தி விளம்பரம் தமிழுக்கு வரும், இல்லாவிட்டால் ஒரு இங்கிலீஷ் பேஸ்லைன், அதாவது பிராண்ட் பெயரோடு கூடவே வருகிற வரி, வரும். 'ஏனென்றால் நீங்கள் சிறந்ததற்குத் தகுதியானவர்' என்கிற மாதிரி வரிகளை டிவியில் கேட்டிருப்பீர்கள், எந்த வீட்டில் யார் யாரிடம் இப்படிப் பேசுகிறார்கள்? வரியை ஓரமாக வைத்துவிட்டு, படத்தில் யார் யாரிடம் பேசுகிறார், அவர்களுக்குள் என்ன உறவு என்று பாருங்கள். ஒரு முறை இதே மாதிரி வரி ஒரு குக்கர் விளம்பரத்துக்கு வந்தது, அம்மாவுக்கு மகள் வாங்கித் தருகிற காட்சி. நான் எழுதியது: "எல்லாருக்கும் பாத்தாச்சு, இனி உனக்குப் பாரு." கிளையன்டுக்குப் பிடிக்கவில்லை, இங்கிலீஷில் உள்ள 'தகுதி' எங்கே என்று கேட்டார்கள். போகட்டும்.

டப்பிங் ஸ்க்ரிப்ட் என்றால் இன்னொரு தொல்லை. 30 நொடிப் படத்துக்குத் தமிழில் 45 சொல் என்பது என் கணக்கு, அதற்கு மேல் போனால் குரல் கொடுக்கிறவர் மூச்சு முட்டிப் படிப்பார். நம் சொற்கள் வேறு நீளம்: 'வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்' ஒரே சொல், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இந்தியில் ஒரு வாக்கியமே முடிந்துவிடும். முகம் குளோஸப்பில் இருக்கும்போது ப, ம வருகிற இடங்களைப் பாருங்கள், அங்கேதான் உதடு மூடும், அந்த இடத்தில் நீங்களும் ப-வோ ம-வோ போட்டால் பாதி ஒட்டிவிடும். முகம் திரும்பியிருக்கிற ஷாட்டில் உங்கள் இஷ்டம். இப்போதெல்லாம் மெஷின் போட்ட தமிழை அனுப்பிவிட்டு "சும்மா ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்கிறார்கள். அதைத் திருத்த உட்காராதீர்கள், புதிதாக எழுதுவதுதான் சீக்கிரம் முடியும்.

எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் யூனிகோடில் அனுப்புவீர்கள், ஸ்டூடியோவில் ஸ்ரீலிபி மாதிரி பழைய எழுத்துரு வைத்திருப்பார்கள், ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், உடனே யாராவது பார்த்து மறுபடி டைப் அடிப்பார்கள். அடோபி சாஃப்ட்வேரில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற செட்டிங்) போடாமல் விட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு நடந்தது இதைவிட மோசம். ஒரு பட்டுப் புடவை ஹோர்டிங், 'அகலக் கரைப் பட்டு' என்று எழுதிக் கொடுத்தேன், மறு டைப்பில் 'ர' 'ற' ஆகிவிட்டது. நாற்பது அடி அகலத்துக்கு 'அகலக் கறைப் பட்டு' என்று இரண்டு நாள் நின்றது. அன்றிலிருந்து, நான் எழுதியது, ஸ்டூடியோ முடித்தது, பிரிண்டுக்குப் போகிற பிடிஎஃப் என்று மூன்று கட்டத்திலும் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன்.

கிளையன்டிடம் காட்டுவது தனிக் கலை. இங்கே ஜவுளி, நகை, ரியல் எஸ்டேட் கிளையன்டுகளில் முடிவு எடுப்பவர் மார்க்கெட்டிங் மேனேஜர் இல்லை, முதலாளியும் அவர் வீட்டில் இருப்பவர்களும்தான். ஆகவே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டாமல் நீங்களே படித்துக் காட்டுங்கள், வீட்டம்மாவிடம் அவர் திரும்பிச் சொல்லக்கூடிய வரியாக இருக்கட்டும். தீபாவளி விளம்பரத்துக்குக் கறுப்புப் பின்னணி கொண்டுபோகாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வரும். ராகு காலத்தில் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். "லோகோவைப் பெருசு பண்ணுங்க" என்றால் கோபப்படாமல், கடை பெயர் தெரியவில்லையா, இல்லை போட்டிக் கடை விளம்பரத்தில் பெரிதாக இருந்ததா என்று கேளுங்கள், பாதி நேரம் இரண்டாவதுதான் காரணம். போனில் சொல்கிற திருத்தத்தை அன்றைக்கே மெயிலில் போட்டுவிடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், உயரத்தைக் கூட்டும் என்று எழுதச் சொல்லி வருவார்கள். 1954-ஆம் வருட மேஜிக் ரெமடீஸ் சட்டப்படி இந்த மாதிரி விளம்பரமே குற்றம், பட்டியலில் புற்றுநோயும் உண்டு. 'நம்பர் 1' என்று போடவும் கையில் ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் போட்டிக்காரர் விளம்பரங்களின் தரத்தைக் கவனிக்க 1985-இல் தொடங்கிய ஆஸ்கி கவுன்சிலுக்குப் புகார் அனுப்புவார், விளம்பரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை, இந்த நாலுக்கும் முந்தைய ஒரு மாதம் வீட்டில் கல்யாணம் காட்சி வைத்துக்கொள்ளாதீர்கள். பிட்ச், அதாவது புது கிளையன்டைப் பிடிக்க மற்ற ஏஜென்சிகளோடு போட்டி, வந்தால் இன்னும் மோசம், மூன்று ராத்திரி விழித்து இலவசமாகச் செய்த வேலை, தோற்றால் குப்பைக்குப் போகும்.

ஆனால் குப்பைக்குப் போனதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குக்கர் வரி இரண்டு வருடம் என் நோட்டில் கிடந்தது. ஒரு நாள் இன்ஷூரன்ஸ் கிளையன்டுக்கு ஓய்வூதியத் திட்டம், ஆறு மணி, தமிழ் மட்டும்தான் பாக்கி. நோட்டைப் புரட்டினேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.