காலண்டரில் சிவப்பு மை படாத நாட்கள்

மனசுக்கு உதவும் சில நாட்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை. நவம்பர் 21 உலக ஹலோ தினம். எகிப்து-இஸ்ரேல் போரையடுத்து 1973-ல் தொடங்கியது. அன்று பத்துப் பேருக்கு வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். லிஃப்டில் தினமும் பார்த்தும் பேசாத அந்த ஆளிடமிருந்து ஆரம்பிக்கலாம். பேச்சு வளராவிட்டாலும் பரவாயில்லை.

நவம்பர் 13 உலகக் கருணை தினம், ஜூலை 30 சர்வதேச நட்பு தினம். போன் காலண்டரில் ‘ஆண்டுதோறும்’ என்று போட்டுவையுங்கள். குறிப்பில் ‘நட்பைப் போற்று’ என்றெல்லாம் எழுதினால் வேலைக்கு ஆகாது. ‘பழைய ரூம்மேட்டுக்குப் போன், சாயங்காலம் ஏழு மணி’ என்று செய்யவேண்டியதையே எழுதுங்கள். அன்றைக்கு மூடு சரியில்லையா? அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.