வைகாசி இரவில் அருந்ததியைக் காணும் முறை

திருமணத்தன்று பட்டப்பகலில் மண்டப வாசலில் நின்று, புரோகிதர் விரல் நீட்டிய திசையில் அருந்ததியைக் கண்டதாகத் தலையாட்டிய தம்பதியர் மதுரையில் ஏராளம். அந்த விண்மீனை இரவில் உண்மையாகவே காண வைகாசி மாதம் ஏற்றது. கோடைமழை பெய்து தூசி அடங்கிய, நிலவில்லாத இரவு வாய்த்தால் தவறவிட வேண்டாம்.

வடக்கு நோக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால் நகரத்தின் விளக்கொளி நம் முதுகுப்புறம் இருக்க வேண்டும்; எனவே திருப்பரங்குன்றம் பக்கம் செல்வதைவிட அழகர்கோவில் சாலையில் ஊரைத் தாண்டி நிற்பது நல்லது. துருவ விண்மீன் மதுரையில் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்திலேயே இருப்பதால் அழகர்மலை அதை மறைக்கலாம். ஆனால் நாம் தேடுவது வைகாசி நடுவில் இரவு 9 மணியளவில் 45 பாகை உயரத்தில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே நிற்கும். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கண்கள் இருளுக்குப் பழக 20 நிமிடங்கள் காத்திருங்கள்.

சப்தரிஷி மண்டலம் அப்போது கவிழ்த்த அகப்பையைப் போல் தெரியும். இடப்பக்கம் நான்கு விண்மீன்கள் கிண்ணமாகவும், வலப்பக்கம் மூன்று விண்மீன்கள் காம்பாகவும் அமையும். காம்பின் நடுவில் இருப்பவர் வசிட்டர், வானியலில் மைசார். அவருக்கு வலப்புறம் சற்றுக் கீழே, முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் மங்கலாக ஒட்டி நிற்பதே அருந்ததி, அதாவது அல்கோர். பழந்தமிழ்ப் பாடல்கள் வடமீன் என்று போற்றுவதும் இதனையே. நேராக உற்றுப் பார்த்தால் நழுவுகிறதெனில் பார்வையைச் சற்று ஒதுக்கிப் பாருங்கள். ஓரக்கண்ணுக்கு மங்கிய ஒளி எளிதில் தென்படும். சாதாரண இருகண் நோக்கியில் இருவரும் தெளிவாகப் பிரிந்துவிடுவர்.

ஆயினும் உண்மையான வியப்பு வசிட்டருக்குள்ளேயே இருக்கிறது. 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியை உறுதியான முக்காலியில் பொருத்தி, 50 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்: மிளகின் பக்கத்தில் கடுகு வைத்தாற்போல வசிட்டரே இரண்டாகப் பிரிவார். 1617இல் இத்தாலியின் பெனடெட்டோ காஸ்டெல்லி இந்த இரட்டையைக் கவனித்து, கலிலியோவையும் பார்க்கச் சொல்லி எழுதினார். அவ்விரண்டில் பிரகாசமானது மீண்டும் ஓர் இரட்டை என்பதை 1889இல் நிறமாலை காட்டியது. அதன் இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 20.5 நாட்கள் ஆகின்றன. அவற்றை எந்தச் சிறு தொலைநோக்கியாலும் பிரிக்க முடியாது என்பதால், கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம். மற்றதும் ஓர் இரட்டையே. அருந்ததிக்கும் மங்கிய துணை ஒன்று இருப்பது 2009இல் தெரிந்தது.

ஏறக்குறைய 80 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்தக் குடும்பத்தை ஆடிக்குள் பார்த்துவிடுங்கள். ஆவணியில் அது முன்னிரவிலேயே வடமேற்கில் தாழ்ந்துவிடும்.