அம்மாவின் தூக்கத்தைக் குறித்து வையுங்கள்

அம்மாவுக்கு இருமுனையக் கோளாறு (bipolar: சில காலம் அளவு மீறிய உற்சாகம், சில காலம் கடும் மனச்சோர்வு என்று மாறும் மனநோய்) என்று தெரிந்தபோது எனக்கு 15 வயது. அப்போதே ஒரு நோட்டு போட்டிருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது எழுந்தார், மாத்திரை போட்டாரா, அவ்வளவு போதும். தூக்கம் குறைந்தும் சோர்வில்லாமல் பேச்சு வேகமெடுத்தால் மருத்துவரை அழையுங்கள். என் அம்மா நள்ளிரவில் அலமாரியைக் கலைத்து அடுக்குவார்; நான் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இந்த நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் என்றால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிகமான கை நடுக்கம், தள்ளாடும் நடை வந்தால் உடனே மருத்துவமனைதான்.

"சரியாகிவிட்டது, மாத்திரை வேண்டாம்" என்பார். வாதாடாதீர்கள். "டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தலாம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். நான் 2 வருடம் மறைத்தேன். சித்தியிடம் சொன்ன அன்று இரவு சித்தி என் அம்மாவோடு விழித்திருந்தார், நான் தூங்கினேன்.