பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1990களின் டொயோட்டா கொரோலா போன்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் காரில் கியர் தாமதமாக விழுந்தாலோ, இன்ஜின் மட்டும் உறுமி வண்டி நகரத் தயங்கினாலோ, கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்று பல பட்டறைகளில் உடனே சொல்லிவிடுவார்கள். இறக்குவது கடைசி வேலை. எண்ணெய், கேபிள், மின் இணைப்பு ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்த்து முடிக்காமல் யாரையும் ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக் மிதியை அழுத்தியபடி லிவரை பி-யிலிருந்து (பார்க்) எல் (லோ) வரை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்திக் கொண்டுபோய், மீண்டும் பி-க்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை (கியர்பாக்ஸ் எண்ணெயின் மட்டம் காட்டும் கம்பி) உருவித் துடைத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். சூடான நிலைக்கான இரு கோடுகளுக்கு இடையே மட்டம் இருக்க வேண்டும். எல்லாத் தயாரிப்புகளுக்கும் இந்த முறை பொருந்தாது. ஹோண்டா கார்களில் இன்ஜினை அணைத்த பிறகே அளக்க வேண்டும். அடுத்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பாக இருந்தால் எண்ணெய் பழையது. நடுவில் கரும்பொடி தங்கி, தீய்ந்த வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. பாலில் குங்குமம் கரைத்ததுபோல் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்து கூலன்ட் கலந்திருக்கக்கூடும். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

எண்ணெய் சரியென்றால் ஒரு கைக்கடிகாரம் போதும். வண்டி சூடாக, இன்ஜின் மெதுவாக ஓடும்போது, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி லிவரை என்-னிலிருந்து (நியூட்ரல்) டி-க்கு (டிரைவ்) மாற்றி, கியர் விழும் அதிர்வை உணரும்வரை ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். டி-க்கு 1.2 நொடிக்கும், ஆர்-க்கு (ரிவர்ஸ்) 1.5 நொடிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அளவு. இரண்டிலும் தாமதம் என்றால் எண்ணெய் அழுத்தம் குறைவு என்று கொள்ளலாம். ஒன்றில் மட்டும் தாமதம் என்றால் அந்தத் திசைக்குரிய கிளட்ச்சின் மீது சந்தேகம் விழுகிறது.

அழுத்தம் குறைவு என்றதும் பம்ப்பைக் குறைசொல்லும் முன், திராட்டிலிலிருந்து (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். நான் கண்ட ஒரு காரில் இந்தக் கேபிளின் நட்டு தளர்ந்திருந்ததுதான் முழு நோயும். உரிமையாளரோ மாற்று கியர்பாக்ஸுக்கு முன்பணம் கட்டியிருந்தார். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த நிலையில், கேபிளின் மீதுள்ள சிறு உலோக மணிக்கும் ரப்பர் உறையின் முனைக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்தால் அழுத்தம் குறைந்து கியர் வழுக்கும்; மிக இறுகினால் ஒவ்வொரு மாற்றத்திலும் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் இருக்கும்.

‘ஓ/டி ஆஃப்’ (ஓவர்டிரைவ், அதாவது நான்காவது கியர், அணைந்திருப்பதைக் காட்டும்) விளக்கு தானே மின்னினால் மின்கோளாறு பதிவாகியிருக்கிறது. சாவியை ஆன் செய்து, ஓவர்டிரைவ் பொத்தானையும் ஆனில் வைத்து, இன்ஜின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 ஆகிய இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால், விளக்கு மின்னும் எண்ணிக்கையே குறியீடாகும்: ஆறு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னினால் 62. 62, 63 என்றால் கியர் மாற்றும் சொலினாய்டுகள் (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வுகள்). 64 என்றால் லாக்கப் சொலினாய்டு; இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டி நேரடியாக இணைப்பதே லாக்கப். சொலினாய்டை வாங்குவதற்கு முன் கனெக்டரைக் கழற்றி, முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத வேலை. நான்காவது கியர் மட்டும் விழவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்: அது திறந்தே சிக்கிக்கொண்டு இன்ஜின் சூடேறாமல் இருந்தால், கணினி ஓவர்டிரைவை அனுமதிக்காது.

60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்போது, சொரசொரப்பான பாதையில் போவதுபோல் வண்டி நடுங்கினால், ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். தொட்டதும் லாக்கப் விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் கோளாறு டார்க் கன்வெர்ட்டர் பக்கம். அப்போதும் தொடர்ந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைப் பாருங்கள்.

பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும் ஸ்டால் சோதனையைத் தேய்ந்த கியர்பாக்ஸில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. செய்தே ஆக வேண்டுமென்றால் ஐந்து நொடியைத் தாண்டக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு விடை கிடைக்காவிட்டால் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் காந்தங்களில் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருப்பது வயதின் அடையாளம் மட்டுமே. காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துணுக்குகள் கிடைத்தால் பேரிங்கும் பற்சக்கரமும் தேய்கின்றன. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துணுக்குகள் கிடைத்தால் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்கிறது. அப்போதுதான் பெட்டியை இறக்கலாம்.