மூளைத்தண்டுப் பதிவில் புகுந்த மின்னிரைச்சல்

யாழ்ப்பாணத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காகச் செவிப்புல மூளைத்தண்டுத் துலங்கலை (காதில் ஒலிக்கும் கிளிக் ஒலிகளுக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையை) தலையில் ஒட்டிய மின்வாய்களால் பதிவுசெய்தபோது, ஒரு மைக்குரோவோல்ற்றைக்கூட அரிதாகவே எட்டும் அந்தச் சிற்றலைகளை மின்வழங்கலிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல் மூடிக்கொண்டே இருந்தது. மின்வாய்த் தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறக்கியதும், வயர்களை ஒன்றோடொன்று முறுக்கியதும், குளிரூட்டியை நிறுத்தியதும் (சித்திரை வெயிலில் அது சிறிய தியாகமன்று) ஓரளவுக்கே உதவின. அந்த மீடிறனை மட்டும் நீக்கும் வடிகட்டி அலையின் வடிவத்தையே குலைக்கக்கூடும் என்பதால் அதை நாடவில்லை. உண்மையான காரணம் கிளிக் ஒலிகளின் வேகத்தில் இருந்தது: செக்கனுக்கு 25 கிளிக் என்றால் இடைவெளி 40 மில்லிசெக்கன், அதற்குள் மின்னோட்டத்தின் 2 முழுச் சுற்றுகள் சரியாக அடங்குவதால், இரைச்சல் ஒவ்வொரு முறையும் தன் சுற்றின் ஒரே கட்டத்தில் விழுந்து, ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சராசரியாக்கியும் கரையாமல் நின்றது. வேகத்தை 21.1 ஆக மாற்றியதும் அது பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ள, துலங்கலின் ஐந்தாம் அலை, கிளிக்குக்குப் பின் 6 மில்லிசெக்கனை அண்மித்துத் தெளிவாக எழுந்தது.