பொறியியல் வரலாறு சொல்ல வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிகளில் கண்காட்சி சீசன் தொடங்கினால் என் வீட்டுத் திண்ணையில் சார்ட் பேப்பர் சுருள்கள் சேர ஆரம்பித்துவிடும். நெய்வேலிச் சுரங்கத்துப் பம்புகளோடு வேலைக்காலத்தைக் கழித்தவன், ஓய்வுக்குப் பிறகு பழைய இயந்திரங்களின் கதையைத் தேடிப் படிக்கிறவன் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். "பொறியியலும் தொழில்நுட்பமும் வளர்ந்த வரலாறு" என்று தலைப்பு வந்தால் நடுவர் நாற்காலி எனக்குத்தான். பிள்ளைகள் நன்றாக உழைக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் சறுக்குகிற இடங்கள் வருஷா வருஷம் அவையேதான். அந்த வயதில் நாங்களும் அங்கேதான் சறுக்கினோம்.

எழுத்துப்பிழை, ஜேம்ஸ் வாட்டுக்குப் பதில் எடிசன் படத்தை ஒட்டுவது, இணையத்திலிருந்து அப்படியே இறக்கிய பத்தி, இதையெல்லாம் உங்கள் ஆசிரியரே பார்த்துக்கொள்வார். ஆசிரியரும் சேர்ந்து விடுகிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சக்கரத்தில் தொடங்குவது

வேண்டாம். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நடுவர் மூன்றாவது ஸ்டாலுக்கு வரும்போதே தூங்கிவிடுவார்.

அறிவியல் அண்ணன், பொறியியல் தம்பி

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். சார்ட்டின் மேலே "அறிவியல்" என்று ஒரு கட்டம். அதிலிருந்து கீழே ஓர் அம்புக்குறி, "தொழில்நுட்பம்". அதற்கும் கீழே இன்னோர் அம்புக்குறி, "பொறியியல்". விஞ்ஞானி கண்டுபிடிப்பார், பொறியாளர் அதை எடுத்துப் பயன்படுத்துவார், அவ்வளவுதானாம். பாடப்புத்தக முன்னுரைகளும் இப்படியே சொல்வதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பிள்ளைகள் நியூகோமனின் பழைய நீராவி இயந்திரத்துக்கு ஒரு மாடல் செய்து வந்திருந்தார்கள். பெயிண்ட் டப்பாதான் பாய்லர், கண்ணாடி சிரிஞ்சுதான் சிலிண்டர், மேலே மரத்தில் ஒரு ஏற்றக்கட்டை. நீராவியை விட்டு, மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் பிஸ்டன் சடக்கென்று உள்ளே இறங்கும், கட்டையின் மறுமுனை மேலே எழும். கூட்டமே கைதட்டியது. பக்கத்தில் இருந்த சார்ட்டைப் படித்தேன்: "வெப்ப இயக்கவியல் விதிகளைப் பயன்படுத்தி நியூகோமன் உருவாக்கிய இயந்திரம்."

"நியூகோமன் இயந்திரம் எந்த வருஷம்மா?"

"1712, சார்."

"வெப்ப இயக்கவியல்?"

அந்தப் பெண் போனில் தேடினாள். வெப்பம் வேலையாக மாறுவதைப் பற்றிய அந்த அறிவியல், சாடி கார்னோ 1824-ல் எழுதியதிலிருந்து தொடங்கி, கிளாசியஸும் கெல்வினும் விதிகளாக வடித்தது 1850-ஐ ஒட்டி. அவள் முகம் மாறியது. "அப்போ அவருக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

நான் எதிர்பார்த்த கேள்வி இதுதான். சார்ட்டின் நடுவில் கொட்டை எழுத்தில் போட வேண்டியதும் இதுதான். இதற்குப் பதில் தேடப் போனால் வரலாறு தானாக விரியும்.

பதில் ஒரு பம்பில் தொடங்குகிறது. உறிஞ்சு பம்பு ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்காது என்பது இத்தாலியில் பம்பு போட்டவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிடுகிறார். சரியான காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அந்தப் புதிரின் பின்னால் போன டாரிசெல்லி, தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை வைத்துப் பார்த்து, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் என்று 1644-ல் எழுதினார். பாஸ்கல் தன் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு மலையேற அனுப்பி 1648-ல் அதை உறுதிசெய்தார். குழாய்க்காரர்களின் தலைவலி இயற்பியலில் ஓர் அத்தியாயமாக மாறியது இப்படித்தான்.

நம் ஊரில் இதைக் காணக் கலிலியோ வரை போக வேண்டாம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் நீர்மட்டம் இறங்க இறங்க, மேலே இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி, நடுவில் திட்டு கட்டி உட்கார வைத்தார்கள். ஏன் என்று கேட்டால் ஃபிட்டர், "இருபத்தஞ்சு அடிக்கு மேல உறிஞ்சாதுண்ணே, கீழ இருந்து தள்ளணும்" என்பார். காற்றழுத்தக் கணக்குப்படி எல்லை 10.3 மீட்டர். குழாய் உராய்வு, குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு, கசிவு எல்லாம் போக நிஜத்தில் கிடைப்பது 7 மீட்டர் சொச்சம், அதாவது அந்த இருபத்தஞ்சு அடிதான். புத்தகத்தில் இருப்பது 10.3. வயலில் செல்லுபடியாவது ஃபிட்டரின் எண். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுத்து வேலை செய்வதைத்தான் நான் பொறியியல் என்பேன்.

காற்றுக்கு எடை உண்டு என்று தெரிந்த பிறகு கதை திரும்பவும் பட்டறைக்கே வருகிறது. நீராவியைக் குளிரவைத்தால் உள்ளே வெற்றிடம், வெளிக்காற்று பிஸ்டனை அழுத்தும் என்று பிரெஞ்சு அறிஞர் பாப்பின் 1690-ல் சிறிய அளவில் செய்து காட்டினார். டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த தாமஸ் நியூகோமன், 1712-ல் டட்லிக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நிஜ இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே அதிகம். சுரங்க வாசலில் கரிக்குப் பஞ்சமில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. (நெய்வேலியில் எங்களுக்கும் இதே பிரச்சினை வேறு உருவத்தில். லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர், பம்புகள் நின்றால் சுரங்கத் தரையையே பெயர்த்துவிடும். 1957-ல் தோண்டத் தொடங்கியவர்கள் 1961-ல்தான் லிக்னைட்டைத் தொட்டார்கள். நடுவில் நடந்தது பாதிக்குப் பாதி தண்ணீர் யுத்தம்.)

நீராவி இயந்திரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பிறகுதான், இதற்குமேல் இதிலிருந்து எவ்வளவு வேலை வாங்க முடியும் என்று கார்னோ கேட்டார். வெப்ப இயக்கவியல் அந்தக் கேள்வியில் பிறந்தது. ஆக அம்புக்குறி பம்பிலிருந்து இயற்பியலுக்கும், இயற்பியலிலிருந்து இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து மறுபடி இயற்பியலுக்கும் போகிறது. மேலிருந்து கீழே ஒரே கோடு எங்கே இருக்கிறது?

இதில் இன்னொருவரையும் விட்டுவிடுகிறார்கள்: இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். கீழே ஓடும் நீரில் சுழலும் தண்ணீர்ச் சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு சக்தி தரும் என்று பாரிஸில் பாரென்ட் என்ற கணித அறிஞர் 1704-ல் கணக்குப் போட்டு, 27-ல் 4 பங்கு என்றார். கணக்கு அழகாக இருந்தது, விடைதான் தவறு. ஸ்மீட்டன் ஒரு சின்னச் சக்கரத்தைச் செய்து, நீரின் வேகம், அளவு, சுமை என்று ஒவ்வொன்றாக மாற்றி அளந்தார். பாரென்ட் சொன்னதைவிட அதிகம் கிடைத்தது. மேலிருந்து நீர் விழும் சக்கரம் ஏறக்குறைய அதுபோல இரண்டு மடங்கு தரும் என்றும் தெரிந்தது. 1759-ல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் வாசித்தார், காப்ளி பதக்கம் கொடுத்தார்கள். பிறகு நியூகோமன் இயந்திரத்தையும் இதே முறையில் பிடித்துக்கொண்டு, ஒரு புதுத் தத்துவமும் இல்லாமல், அளவுகளைத் திருத்தியே அதன் திறனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். கைப்பழக்கத்தில் செய்யும் தொழில் பொறியியலாக மாறும் இடம் எது என்று யாராவது கேட்டால் இந்தச் சின்னச் சக்கரத்தைத்தான் காட்டுவேன்.

வீசும் காற்று ஒரு பரப்பை எவ்வளவு அழுத்தும் என்று கணக்கிட அதே ஸ்மீட்டன் பெயரில் வழங்கிய எண் தவறு என்று ரைட் சகோதரர்கள் 1901-ல் கண்டுபிடித்ததும் வரலாறுதான். காற்றை ஊதிச் சோதிக்கும் சுரங்கப்பெட்டி ஒன்றைச் செய்து தாங்களே அளந்துகொண்டு, 1903-ல் பறந்தார்கள். இறக்கைப் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கைப் பற்றி ஜெர்மன் அறிஞர் பிராண்ட்ல் கட்டுரை வாசித்தது அதற்கடுத்த ஆண்டு.

இந்தத் தவறில் எனக்கு ஏன் எரிச்சல் அடங்கவில்லை என்றால், அது சார்ட்டோடு நிற்பதில்லை. இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலர் வாய்க்கால் நீரில் சுழலும் சிறு சக்கரம் செய்ய நினைத்தார்கள். தகடு எத்தனை, எந்தச் சாய்வு என்பதற்குச் சரியான ஃபார்முலா கிடைக்கட்டும் என்று செமஸ்டர் முழுக்கக் காத்திருந்தார்கள். கடைசியில் கையில் இருந்தது அழகாக பைண்ட் செய்த ஒரு ரிப்போர்ட், சக்கரம் இல்லை. தகரத்தை வெட்டி நாலு சாய்வில் வைத்து வாளி நீரில் அளந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அறிவியல் வராமல் கையை வைக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த அம்புக்குறிதான்.

அதற்காக மறுபக்கம் சாய்ந்து, பட்டறையில்தான் எல்லாம் பிறந்தது என்றும் எழுதிவிடாதீர்கள். மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் 1865-ல் வராமல், ஹெர்ட்ஸ் 1887-88-ல் மின்காந்த அலையைச் சோதனையில் காட்டாமல், மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி இல்லை. 1947-ன் டிரான்சிஸ்டர் குவாண்டம் இயற்பியல் இல்லாமல் பிறந்திருக்காது. எந்தக் கதையில் எது முந்தியது என்று ஆண்டு போட்டுப் பாருங்கள்.

ஒரு பொருள், ஒரு மனிதர், ஒரு நாள்

கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரம் கண்டுபிடித்தாராம். அவர் பிறந்தது 1736. நியூகோமன் இயந்திரம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகோமன் மாடல் ஒன்று ரிப்பேருக்கு வர, அது ஏன் இவ்வளவு நீராவியைத் தின்கிறது என்று யோசித்து, 1765-ல் நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிரவைக்கும் தனிக் குளிர்கலம் என்ற யோசனைக்கு வந்தார். காப்புரிமை 1769. ஆனாலும் காற்றுப் புகாத பெரிய சிலிண்டரைக் கடைய ஆளில்லை. பீரங்கிக் குழாய் கடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774-ல் கொண்டுவந்த முறைதான் அந்த முடிச்சை அவிழ்த்தது. முதலாளி பௌல்டனின் பணமும் வேண்டியிருந்தது. சார்ட்டில் நாலு பெயருக்கு இடம் விடுங்கள்.

மோட்டார் இல்லையென்றால் பொறியியல் இல்லை என்று நினைப்பது

அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேடு என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. கல்லூரிப் பேருந்தில் எட்டும் தூரம். தொல்லியல் அறிஞர் வீலர் 1945-ல் அகழ்ந்தபோது இத்தாலியின் அரெஸ்ஸோ மட்பாண்டங்கள் கிடைத்ததைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள்மேல்தான் கண். உருகிய கண்ணாடியின் உள்ளே துளை விட்டபடியே நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி விளிம்பை மழுக்குவார்கள். மணிக்கு மணி துளை போட வேண்டியதில்லை. தொழிற்சாலைச் சிந்தனைக்கு இதைவிட நல்ல பழைய உதாரணம் புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேறு கிடையாது. ஒரு சார்ட்டில்கூட நான் பார்த்ததில்லை.

கல்லணையும் அப்படித்தான். "உலகின் பழைய அணை" என்ற ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் எப்படி நிற்கிறது என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கற்றுக்கொண்டது நம் பழைய கட்டுமானங்களிடம்தான். அந்தப் பாடத்தோடு கொள்ளிடத்தில் 1836-ல் கீழணை எழுந்தது. வீராணம் ஏரிக்கு நீர் அங்கிருந்துதான் வருகிறது. மண் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று ஆராயும் மண் இயக்கவியலுக்கு அடித்தளமான டெர்சாகியின் நூல் வெளியானது 1925-ல்.

புஷ்பக விமானம்

கூடாது.

ஜெயித்ததை மட்டும் சொல்வது

பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை இருந்தது என்றால் கடலூர்ப் பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தியோகத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கியது. சேலத்து இரும்புத் தாது அருமையானது, கிடைத்த இரும்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் தாது அவ்வளவு தூரம் வர வேண்டும், ரயில் இன்னும் வரவில்லை. உலைக்கு எரிபொருள் மரக்கரி. காடு எட்ட எட்டப் போகக் கரியின் விலை ஏறும். இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் கரியில் மலிவாக இரும்பு வார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆலை கடைசிவரை தன் காலில் நிற்கவே இல்லை. நூற்றாண்டு முடிவதற்குள் மூடிக்கிடந்தது.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுக்கு அது பெரிய லாபம். ஆலைக்காரர்கள் அவர் எழுதிய முறையைச் சற்றே மாற்றிச் செய்து பணம் தராமல் தப்பிக்க, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1851-ல் அவர் இறந்தபோதும் முடிந்தபாடில்லை.

தாது, கரி, போக்குவரத்து, காப்புரிமை வாசகம் என ஒரு தொழில்நுட்பம் நிற்பதற்கும் விழுவதற்கும் வேண்டிய அத்தனையும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான் பரங்கிப்பேட்டை. அடுத்த கண்காட்சிக்கு யாராவது இதை எடுத்தால் மரக்கரிக் கணக்கைப் போடுவதற்கு நானும் சேர்ந்து உட்காரத் தயார்.