பாட்டி நகையை விற்பதா, வைத்திருப்பதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்புவதற்குள் பாகம் பிரித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் முதல் தவறு. எல்லோரும் கூடியிருக்கும்போதே முடித்துவிடலாம் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பட்டியல் போட்டால் போதும். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, நகையை எடை போட்டு, எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பங்கை அப்புறம் பேசலாம். உயில் எழுதாமல் அம்மா போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. "அவளுக்குத்தான் கல்யாணத்துக்கே செய்தாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது.

அடுத்தது, எல்லாவற்றையும் எடைக்குப் போடுவது. பழைய மாங்காய் மாலையைக் கடையில் கொடுத்தால் கெம்புக் கல்லைக் கழிப்பார்கள், உள்ளே அடைத்த அரக்கைக் கழிப்பார்கள், துண்டுகளைப் பற்றவைத்த உலோகப் பொடிக்காகத் தரத்தையும் குறைப்பார்கள். பத்துப் பவுன் என்று வீட்டில் சொல்லிவந்தது கடைத் தராசில் ஏழாக நிற்கலாம். இது எப்போதும் ஏமாற்று வேலையல்ல. அந்தக் காலத்து நகை அப்படித்தான் செய்யப்பட்டது. அதே கையோடு புது நகைக்கு மாற்றினால், பழையதற்குக் கொடுத்த கூலி போய், புதியதற்குச் செய்கூலியும் சேதாரமும் சேரும். நகாசு வேலை நன்றாக இருந்தால் அப்படியே விற்கப் பாருங்கள், இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் தரம் பார்க்கும் கேரட் மீட்டர் கருவி பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால் உருக்கிப் பார்க்கக் கேட்பார்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, விற்பது என்று முடிவான பிறகே சரி சொல்லுங்கள். உருக்கிய பிறகு மனசு மாறிப் பயனில்லை.

வைரத் தோடு தனிக் கதை. எந்த வீட்டில் கேட்டாலும் "எங்களுடையது புளூ ஜாகர்" என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்து வைரத்துக்கு வந்த பெயர் அது. எல்லாத் தோட்டிலும் இருப்பது அதுவல்ல. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் சான்றிதழ் வாங்கிவிட்டு விலை பேசுங்கள்.

பூஜை அறையில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட செப்புத் திருமேனி இருந்தால் தெரிந்த ஆள் யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு மகனுக்குப் பெட்டியில் வைத்து அனுப்புவது குற்றம். ஓலைச்சுவடி கிடைத்தால் தஞ்சை சரசுவதி மகாலிலோ சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. விற்றால் பாவம் என்று அண்டா, குத்துப்போணி, தவலை அத்தனையையும் பரணில் ஏற்றிவிடுவது. பரணில் பச்சைக் களிம்பு பிடிக்கும் பாத்திரத்தை யாரும் காப்பாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. சமைக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம். ஈயச்சொம்பில் ரசம் வைப்பதென்றால் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெறும் சொம்பு உருகிவிடும்.

வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரிசாக நகை வரும்போது வரி இல்லை, விற்கும்போது லாபத்துக்கு உண்டு. பாட்டி வைத்திருந்த காலமும் சேர்ந்தே கணக்காகும். 1-4-2001-க்கு முன் வாங்கியதென்றால் அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அதனால் மதிப்பீட்டாளரிடம் நகையைக் காட்டி, விற்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.